சிம்ம சொப்பனம்

அடுக்குமாடிக் குடியிருப்பு என்று இருந்தால் அதில் ஒழுகும் தண்ணீர்த் தொட்டி ஒன்றும் சிம் சார் ஒருவரும் இருந்தே தீர வேண்டும். தொட்டிக்குப் பராமரிப்புக் கட்டணம் உண்டு. சிம் சார் இலவசம். ஒரு டம்ளர் காபி கொடுத்தால் போதும்.

வேலையில் இருந்த காலத்தில் அவர் என்னவாக இருந்தார் என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. மின்வாரியம் என்பார் இரண்டாம் மாடிக்காரர். கூட்டுறவுச் சங்கம் என்பார் குடியிருப்புச் செயலாளர். ஓய்வு பெற்ற பிறகு தாமாக எடுத்துக்கொண்ட, புது போனில் சிம் போட்டுத் தரும் பொறுப்பில்தான் அவர் பெயர் நிலைத்தது. கூரியர்காரர் செவ்வகப் பெட்டியோடு மாடி ஏறினால் பின்னாலேயே செருப்புச் சத்தம் கேட்கும்.

"பிரிச்சுடாதீங்க! வந்துட்டேன்."

சாரின் சாவிக்கொத்தில் வீட்டுச் சாவி ஒன்று, ஸ்கூட்டர் சாவி ஒன்று, சிம் தட்டைத் திறக்கும் ஊசி ஒன்று. இரண்டு சாவியையும் அவர் தொலைத்ததுண்டு. ஊசியைத் தொலைத்ததில்லை. ஊசி போன் பெட்டியிலேயே இருக்குமே என்று நீங்கள் கேட்கலாம். இருக்கும். பிரித்த அன்றே அது குப்பைக்கூடைக்குப் போய்விடும் என்பது சாருக்குத் தெரியும். அப்புறம் நாம் ஊக்கு, ஸ்டேப்ளர் பின், தோட்டின் தண்டு என்று கையில் கிடைத்ததால் எல்லாம் குத்துவோம் என்பதும், இரண்டு துளை இருந்தால் தப்பான துளையில்தான் குத்துவோம் என்பதும் தெரியும்.

"அது மைக் ஓட்டை சார். நாளையிலேர்ந்து நீங்க பேசறது யாருக்கும் கேக்காது" என்று எதிர்வீட்டுக்காரரை ஒருமுறை எச்சரித்தார்.

"கேக்காட்டிப் பரவாயில்லை" என்றது சமையலறையிலிருந்து ஒரு குரல்.

தட்டு வெளியே வந்துவிட்டால் வீடே அவர் வசம். முதலில் மின்விசிறியை நிறுத்த வேண்டும். மூக்குக் கண்ணாடி நெற்றிக்கு ஏறும். சிம்மைச் சுட்டுவிரல் நுனியில் ஒட்டி எடுத்து, வெட்டுப்பட்ட மூலை எந்தப் பக்கம், தங்கநிறச் சில்லு மேலா கீழா என்று வெளிச்சத்தில் பார்ப்பார். நானோ சிம்மின் அளவு 12.3 மில்லிமீட்டருக்கு 8.8 மில்லிமீட்டர். கை நழுவி சோபா இடுக்கில் விழுந்தால் சோபாவோடு விற்க வேண்டியதுதான். தட்டில் இரண்டாவது குழி இருந்தால் விசாரணை தொடங்கும். "இதுல ரெண்டாவது சிம்மும் போடலாம், மெமரி கார்டும் போடலாம். ரெண்டையும் போட முடியாது. போட்டோ வேணுமா, பேச்சு வேணுமா? வீட்ல கலந்து பேசிச் சொல்லுங்க." சில வீடுகளில் அந்தப் பேச்சு இன்னும் முடியவில்லை.

சாரின் அனுபவம் நீண்டது. 1995 ஜூலை 31 அன்று மேற்கு வங்க முதல்வர் ஜோதி பாசு, கல்கத்தாவிலிருந்து டெல்லியில் இருந்த மத்திய அமைச்சர் சுக்ராமைக் கூப்பிட்டதுதான் நாட்டின் முதல் செல்பேசி அழைப்பு. அந்த போனில் சிம் போட்டுக் கொடுத்தவர் தாம்தான் என்று சார் ஒருநாளும் சொன்னதில்லை. ஆனால் சொல்கிற தோரணையில் நமக்கே அந்தச் சந்தேகம் வந்துவிடும். வந்த அழைப்பை எடுத்தாலும் காசு பிடுங்கிய காலத்தில், மிஸ்டு காலிலேயே குடும்பம் நடத்தியவர். சிம் மைக்ரோவாகி, 2012-இல் ஐபோன் 5 வந்தபோது நானோவாகவும் சுருங்கியது. சார் பென்சிலால் கோடு போட்டுக் கத்தரிக்கோலால் நறுக்கித் தந்தார். நறுக்கியதில் பாதி பிழைத்தன. பிழைக்காதவை எல்லாம் கம்பெனியிலிருந்து வரும்போதே நோஞ்சான்.

அவருடைய பொற்காலம் 2018 பிப்ரவரி. தமிழ்நாட்டில் தெருவுக்குத் தெரு ஏர்செல் எண் இருந்த நேரத்தில் அதன் சிக்னல் படுத்துவிட்டது. எண்ணை மாற்றாமல் கம்பெனியை மட்டும் மாற்றிக்கொள்ளும் வசதி 2011 ஜனவரி 20 முதலே நாடு முழுவதும் இருந்தது. 'போர்ட்' என்று எழுதி எண்ணோடு 1900-க்குக் குறுஞ்செய்தி அனுப்பினால் எட்டு எழுத்தில் ஒரு குறியீடு வரும். ஆனால் குறுஞ்செய்தி போவதற்கு சிக்னல் வேண்டும். சிக்னல் இல்லாததால்தானே ஓடவே பார்க்கிறோம்! இந்த முடிச்சை சார் மொட்டை மாடியில் அவிழ்த்தார். தண்ணீர்த் தொட்டிக்கும் டிஷ் ஆன்டெனாவுக்கும் நடுவே ஓரிடத்தில் ஒரு கோடு சிக்னல் வந்து வந்து போவதைக் கண்டுபிடித்தார். அந்த இடத்தைச் சாக்பீஸால் வட்டமிட்டார். குடியிருப்பே துண்டுச்சீட்டு வாங்கிக்கொண்டு வரிசையில் நின்றது. "கையைத் தூக்குங்க! வந்துடுச்சு! அனுப்புங்க, அனுப்புங்க!" குறியீடு கிடைத்தவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு படி இறங்கினார்கள்.

அப்பேர்ப்பட்டவரை ஆட்டிவைத்தது ஐந்தாம் மாடிப் பாட்டியின் போன்.

பாட்டியின் மகன் அமெரிக்காவிலிருந்து ஐபோன் கொண்டுவந்திருந்தான். சார் ஊசியோடு வந்தார். இடப்பக்கம் பார்த்தார். வலப்பக்கம் பார்த்தார். தலையையும் காலையும் பார்த்தார். உறையைக் கழற்றச் சொன்னார். உறையே போட்டிருக்கவில்லை. மகனைத் தனியே அழைத்து, "தம்பி, பில் இருக்கா? யாரோ ஏமாத்தியிருக்கான்" என்றார்.

"இல்ல அங்கிள். 2022-லேர்ந்து அமெரிக்காவுல விக்கற புது ஐபோன்ல சிம் தட்டே கிடையாது. எல்லாம் இ-சிம்தான்."

ஊசி சட்டைப்பைக்குள் போயிற்று. காபி ஆறியது. சார் சொல்லிக்கொள்ளாமல் கிளம்பினார். இவர் கதை முடிந்தது என்றுதான் பலரும் நினைத்தார்கள். மறுநாள் காலை அதே வாசலில் நின்றார், கையில் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு.

"இது உள்ளேயே பதிச்ச சில்லும்மா. கம்பெனிக்காரன் அனுப்பற விவரம் காத்துல வந்து அதுல உக்காந்துக்கும். இருக்கும், ஆனா கண்ணுக்குத் தெரியாது."

"அந்தர்யாமின்னு சொல்லுங்களேன்" என்றாள் பாட்டி. மொத்தக் குடியிருப்பிலும் இ-சிம்மை முதலில் புரிந்துகொண்டவள் அவள்தான்.

நட்சத்திரம், ஹேஷ், பூஜ்யம், ஆறு, மறுபடி ஹேஷ் என்று சார் தட்டினார். 15 இலக்கத்தில் ஐஎம்இஐ எண்ணும் 32 இலக்கத்தில் இஐடி எண்ணும் திரையில் வந்தன. ஒரு கம்பெனி இஐடியைக் கேட்கும், இன்னொன்று மின்னஞ்சலைக் கேட்கும். எதற்கும் எல்லாமே கையில் இருக்கட்டும் என்று 32 இலக்கத்தையும் உரக்கப் படித்தார். பாட்டி பஞ்சாங்கத்தின் ஓரத்தில் எழுதிக்கொண்டாள். நடுவில் ஒரு எட்டு விட்டுப்போய் முதலிலிருந்து ஆரம்பித்தார்கள்.

பழைய போனிலிருந்து குறுஞ்செய்தி போயிற்று. மின்னஞ்சலில் க்யூஆர் கட்டம் வந்தது. எந்த போனால் அதைப் படம் பிடிக்க வேண்டுமோ அதே போனுக்குத்தான் வந்தது. சார் அசரவில்லை. பாட்டியின் கணக்கை மகனுடைய மடிக்கணினியில் திறக்கச் சொன்னார். "இந்தக் கட்டத்தை ஒருத்தருக்கும் காட்டக் கூடாது. கம்பெனிலேர்ந்து பேசறேன்னு சொல்லி எவனாவது கேப்பான். கொடுத்தீங்களோ, நம்பர் அவன் போனுக்குப் போயிடும், பின்னாலேயே பேங்க் பணமும் போயிடும்" என்று எச்சரித்தார். கட்டத்தை அப்போது மடிக்கணினியில் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் பக்கத்து வீட்டு இரண்டு பேர், பால்காரர், சார் ஆகியோர்.

இதெல்லாம் சார் இல்லாமல் நடக்காதா? நடக்கும். பத்தாம் வகுப்புப் பையன் ஐந்து நிமிஷத்தில் முடித்துவிடுவான். ஆனால் பாதி வழியில் திரை ஒரு கேள்வி கேட்கும்: இப்போதுள்ள சிம் வேலை செய்யாது, தொடரலாமா? அந்த இடத்தில் எந்தக் கட்டைவிரலும் நகராது. வங்கி, ஆதார், கேஸ், ஓய்வூதியம், சம்பந்தி வீடு அத்தனையும் அந்தப் பத்து இலக்கத்தில் தொங்குகிறது. சார் மட்டும் 'தொடர்க' என்பதை அழுத்துவார். சரியாக வந்தால் தொழில்நுட்பம் வளர்ந்துவிட்டது என்போம். சொதப்பினால் சிம் சார் கெடுத்துவிட்டார் என்போம். இது தெரிந்தும் அழுத்துகிறார். அவர் வைத்திருக்கும் திறமைகளில் நமக்கு வேண்டியது இந்த ஒன்றுதான். ஊசி எல்லாம் சும்மா.

அழுத்தினார். பழைய போனில் சிக்னல் செத்தது. புதியதில் இன்னும் வரவில்லை. "ரெண்டு மணி நேரம்கூட ஆகலாம். சிம் மாத்தினா 24 மணி நேரம் எஸ்எம்எஸ்ஸை நிறுத்தி வைப்பான். ஓடிபி வராது. திருடனுக்குப் போட்ட தடைம்மா அது, நீங்க பதறாதீங்க" என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

காத்திருந்த நேரத்தில் தம்முடைய எண்கள் பற்றிச் சொன்னார். தமிழ்நாட்டில் ஒருவர் பெயரில் ஒன்பது இணைப்பு வரை இருக்கலாம். சார் ஆறில் நிற்கிறார். ஒன்று பேங்குக்கு, ஒன்று சொந்தக்காரர்களுக்கு, ஒன்று சொந்தக்காரர்களுக்குத் தெரியாமல் இருப்பதற்கு. பாட்டியின் போனில் அவர் 'சிம் சார்', 'சிம் சார் பழசு', 'சிம் சார் இதுல எடுக்க மாட்டார்' என்று மூன்றாகப் பதிவாகியிருந்தார்.

திரையின் மூலையில் நான்கு கோடுகள் எழுந்தன. பக்கத்து வீட்டார் கை தட்டினார்கள். "இருங்க, கூப்பிட்டுப் பாத்துடுவோம்" என்று சார் தம் போனை எடுத்து அழைத்தார். பாட்டி கையிலிருந்த ஐபோன் மணி அடித்தது. பாட்டி திரையைக் கண் சுருக்கிப் பார்த்தாள். அடித்துக்கொண்டே இருந்தது.

"எடுங்கம்மா. நான்தான் கூப்பிடறேன்."

"ஏதோ தெரியாத நம்பர்னு காட்டறதே. தெரியாத நம்பரை எடுக்கவே கூடாதுன்னு நீங்கதானே சார் சொல்லிக் கொடுத்தீங்க?" என்று சொல்லி, பாட்டி அழைப்பைத் துண்டித்தாள்.