டேங்க் சிறிசா, மனசு பெரிசா?

கேள்வி: என் ஸ்னோ ப்ளோவரில் மூன்று லிட்டர் பெட்ரோல்தான் பிடிக்கிறது. எங்கள் வாசல், பக்கத்து வீடு, எதிர்வீடு என்று பனியைத் தள்ளி முடிப்பதற்குள் காலியாகிவிடுகிறது. பெரிய டேங்க் பொருத்தலாமா?

- ஒரு வாசகர், ஸ்கார்பரோ

பதில்: பெட்ரோலைக் குடிப்பது எந்திரம் இல்லை ஐயா, உங்கள் தெரு!

இந்த எந்திரங்களில் பெரும்பாலும் பம்ப் கிடையாது. கார்புரேட்டருக்கு மேலே டேங்க். பெட்ரோல் தானாக இறங்கும். பெரிய டேங்கைக் கீழே வைத்தால் இறங்காது, பம்ப் வேண்டும். சரி, உயரே கைப்பிடியில் கட்டலாமே என்றால், அழுத்தம் கூடும். கார்புரேட்டருக்குள் இருக்கிற குட்டி ஊசி வால்வு அதைத் தாங்காமல் வழிய விடலாம். வழிந்தது எஞ்சின் ஆயிலில் போய்க் கலக்கும். மூடியில் காற்றுத் துளை இல்லாவிட்டால் இன்னொரு கூத்து: டேங்குக்குள் வெற்றிடம் உண்டாகி, பெட்ரோல் இருக்கும்போதே எஞ்சின் விக்கி நிற்கும். நீங்கள் ஸ்பார்க் பிளக்கைச் சந்தேகப்படுவீர்கள். போதாததற்குப் பக்கத்திலேயே கொதிக்கிற சைலன்சர். பிளாஸ்டிக் கேனைக் கயிற்றால் கட்டுகிற நம்மூர் மூளையை அங்கே காட்ட வேண்டாம்.

பஃபலோ பக்கம் 2022 நவம்பரில் ஆறடிக்கு மேல் கொட்டியது. அந்த மாதிரிப் பனிக்கே கூடுதல் கேன்தான் வழி. எஞ்சினை அணைத்து, நன்றாக ஆறவிட்டு, கராஜுக்கு வெளியே வைத்து ஊற்றுங்கள். ஆறும் நேரத்தில் ஆயில் அளவையும் பாருங்கள். அடுத்த கேனை எதிர்வீட்டுக்காரர் செலவில் வாங்குங்கள்.