ஐ7 மச்சானும் சீதன வீட்டு பிளக்கும்

இன்டெல் கம்பனியில் யாரோ ஒருவர் மட்டக்களப்பில் பெண் எடுத்திருக்கிறார் என்பது என் நெடுநாள் சந்தேகம். எங்கள் பக்கத்தில் கலியாணப் பேச்சு தொடங்கினால் சாதகக் கட்டு வெளியே வருவதற்கு முன்பே "என்ன குடி?" என்று கேட்பார்கள். குடி என்பது தாய்வழியாக வருவது. தமிழருக்கும் உண்டு, முஸ்லிம்களுக்கும் உண்டு. பையன் தங்கமானவன், உத்தியோகம் அரசாங்கம், பெண்ணுக்கும் பிடித்துவிட்டது. ஆனால் இருவரும் ஒரே குடி என்றால் அண்ணன் தங்கை முறை, பேச்சு முடிந்தது. இன்டெல்லின் 1151 அப்படிப்பட்ட விவகாரம். 2015இல் வந்த ஆறாம் தலைமுறைச் சிப்புக்கும் 2017இல் வந்த எட்டாம் தலைமுறைச் சிப்புக்கும் சொக்கெட் பெயர் ஒன்று, ஊசிக் கணக்கும் ஒன்று: 1151. எட்டாவதைத் தூக்கி ஆறாவதின் மதர்போர்டில் வைத்தால் பதமாக உட்காரும். கொளுக்கியையும் பூட்டலாம். உயிர் மட்டும் வராது. மின்சாரம் ஓடுகிற ஊசிகளின் ஒழுங்கை உள்ளுக்குள் மாற்றிவிட்டார்கள். சில புள்ளிகளை ஒட்டி மறைத்து, பயோஸைத் திருத்தி, சேர்த்து வைத்த சூரர்களும் உலகில் இருக்கிறார்கள். கூட்டிக்கொண்டு ஓடுகிற கலியாணம் எங்கள் பக்கத்திலும் நடப்பதுதான்.

இந்த ஞானமெல்லாம் மகள் உயர்தரத்தில் தொழில்நுட்பப் பிரிவு எடுத்ததால் வந்தது. கணினி வேண்டும் என்றாள். கையில் ஒன்றரை இலட்சம் ரூபா இருந்தது. அது 2022க்கு முன்பிருந்தே சிறுகச் சிறுகச் சேர்த்த காசு. அந்த வருடம் மார்ச் தொடக்கத்தில் 200 ரூபா அளவில் நின்ற டொலர், மே மாதத்தில் 360ஐத் தொட்டது. பிறகு கொஞ்சம் இறங்கியது. 2024 ஜனவரியில் பெறுமதி சேர் வரி 15இலிருந்து 18 சதவீதமாக ஏறியது. என் காசு வைத்த இடத்தில் வைத்தபடியே இருக்க, அதற்கு வாங்கக்கூடிய கணினி மட்டும் வருடா வருடம் மெலிந்துகொண்டு வந்தது. நல்ல மடிக்கணினியின் பக்கம் தலைவைத்துப் படுக்க முடியாது. பாகம் பாகமாக வாங்கிப் பூட்டுவது என்று முடிவானது.

முடிவான அன்றே மச்சான் வந்துவிட்டான். மனைவியின் தம்பி.

"மச்சான், கொழும்புக்குப் போவம். பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில ஐ7 எடுக்கலாம். பழசுதான். ஆனா ஐ7!"

அவனுக்குக் கணினி என்பது ஐ என்ற எழுத்துக்குப் பின்னால் வருகிற எண். ஏழு மூன்றைவிடப் பெரிது, இது இரண்டாம் வகுப்புக் கணக்கு. அவன் கண்ட ஐ7 2011இல் வந்த 2600. நான்கு கோர், எட்டுத் திரெட். 2022இல் வந்த ஐ3 12100க்கும் அதே நான்கு, அதே எட்டு; ஆனால் வேலை என்று வந்தால் மூன்று ஏழை எங்கேயோ விட்டுவிட்டுப் போய்விடும். அதோடு விண்டோஸ் 11, இன்டெல்லில் எட்டாம் தலைமுறைக்குக் கீழே உள்ளவற்றைப் பெரும்பாலும் ஏற்றுக்கொள்வதில்லை. விண்டோஸ் 10க்கான ஆதரவையோ 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு மைக்ரோசொஃப்ட் நிறுத்திவிட்டது. இதையெல்லாம் மகள் பொறுமையாக விளங்கப்படுத்தினாள்.

"விண்டோஸ் எதுக்குப் புள்ள, நீ படிக்கத்தானே போறாய்?" என்றான் மாமன்காரன்.

கொழும்புப் பயணம் அத்தோடு நின்றது. காத்தான்குடிக்குப் போனோம். பேரீச்ச மரங்கள் வரிசையாக நிற்கிற அந்தப் பிரதான வீதியில் கிடைக்காத பொருளை வேறெங்கும் தேடுவது வீண் என்பது என் கட்சி. கடைக்கார நாநா எங்களுக்கு இருக்கை போட்டு, பிளேன்ரீ வருவித்து, பிறகு இரண்டு ராம் கட்டைகளைக் கண்ணாடி மேசையில் வைத்தார்.

"சேர், இதில எது டிடிஆர் நாலு, எது அஞ்சு? சொல்லுங்க பார்ப்பம்."

ஒரே நீளம். ஒரே பச்சை. இரண்டிலும் தங்க நிறப் பற்கள் 288. மகள் ஒன்றின்மேல் ஒன்றை வைத்து, ஓரத்தைச் சரி பார்த்து, டியூப் லைட்டுக்கு நேரே பிடித்தாள். பல்வரிசையில் ஒரு சின்ன வெட்டு இருக்கிறது. மேல் கட்டையின் வெட்டுக்குள்ளால் வெளிச்சம் வரவில்லை. கீழ்க் கட்டையின் வெட்டு சில மில்லிமீற்றர் தள்ளியிருந்தது. அவ்வளவுதான் வித்தியாசம்.

மச்சான் சொன்னான்: "கொஞ்சம் அமத்தினாப் போகும்."

"போகும் தம்பி," என்றார் நாநா. "அதோட உங்கட காசும் போகும்."

மதர்போர்டிலும் இதே கூத்து. நாங்கள் எடுக்க நினைத்த 12100க்கு ஏற்ற எச்610 போர்டுகளில் நாலுக்கு ஒன்று, அஞ்சுக்கு ஒன்று என்று இரண்டு சாதி. பெட்டியில் அச்சடித்த பெண் வீராங்கனையின் வாள் பெரிதாகத் தெரியும். பெயரின் வாலில் ஒட்டிக்கொண்டிருக்கிற "டி4" தெரியாது. நாங்கள் நாலை எடுத்தோம். விலை குறைவு, கடையில் கைவசம் இருந்தது, கட்டுரை தட்டச்சுச் செய்யவும் கோடிங் பழகவும் அது தாராளம்.

அடுத்த கண்ணி "எஃப்" என்ற எழுத்து. 12100 என்றும் 12100எஃப் என்றும் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு பெட்டி. எஃப் சில ஆயிரம் மலிவு. மச்சான் அதைக் கையில் எடுத்துவிட்டான். எஃப் போட்ட சிப்பில் திரைக்குப் படம் அனுப்புகிற பகுதி வேலை செய்யாது. தனியாக கிராபிக்ஸ் கார்ட் போட வேண்டும், அதன் விலையில் இன்னொரு சிப்பே வாங்கலாம். "கார்ட் என்ட கூட்டாளிட்ட கிடக்கு" என்றான். போய்ப் பார்த்தோம். பாரம் ஏறியதும் அது மெல்லிய குரலில் கீச்சிடத் தொடங்கியது. மட்டக்களப்பைப் பற்றி எழுதுகிறவன் பாடும் மீனைக் குறிப்பிட்டே ஆக வேண்டும் என்பது எழுதாத சட்டம். கல்லடிப் பாலத்தடியில் மீன் பாடுவதைக் கேட்கப் பௌர்ணமி இரவில் தோணியில் போவார்கள். இதற்குத் தோணியும் வேண்டாம், நிலவும் வேண்டாம். குறிப்பிட்டாயிற்று. எஃப் இல்லாததையே எடுத்தோம்.

பவர் சப்ளையில் மட்டும் நான் பிடிவாதமாக நின்றேன். மலிவானவற்றின் முதுகில் ஒரு சிவப்புச் சுவிட்ச் இருக்கும். ஒரு பக்கம் 115, மறுபக்கம் 230. நமக்கு 230. யாராவது விளையாட்டாக 115க்குத் தள்ளிவிட்டு எங்கள் கரண்டில் போட்டால் ஒரு சத்தம், ஒரு மணம், அத்தோடு சரி. எங்கள் வீட்டில் சுவிட்ச் கண்டால் தட்டிப் பார்க்கிற மச்சான் இருக்கிறான். ஆகவே சுவிட்சே இல்லாத, தானாகச் சமாளிக்கிற ஒன்றைக் கேட்டேன். நாநா இரண்டை என் இரு கையிலும் தந்து, "லேபிளப் பாக்காதீங்க, பாரத்தப் பாருங்க" என்றார். இரண்டிலும் 500 வாட் என்றுதான் போட்டிருந்தது. ஒன்றில் காற்று அதிகம்.

இந்தப் பாகம் அந்தப் பாகத்துக்குப் பொருந்துமா என்று சொல்ல இணையத்தளங்கள் இருக்கின்றன. எங்கள் பட்டியலைப் போட்டதும் எல்லாம் பச்சை காட்டியது. அவற்றுக்குக் கல்லடி தெரியாது. எங்கள் வீட்டுக்கு ஒரு பக்கம் வாவி, மறுபக்கம் கடல்; ஜன்னல் கம்பியில் பூசிய பெயின்டே உப்புக் காற்றில் பொருமிப்போகும். பெட்டி வாங்கும்போது கண்ணாடி, வண்ண விளக்கு என்று மயங்காமல், தூசி வலை கழுவக்கூடியதா, பின்பக்கத் துளைகள் எல்லாம் மூடியிருக்கின்றனவா என்று பார்த்தேன். துளையை விட்டால் பல்லி குடிவரும். குளிர் காலத்தில் அதற்குக் கணினியைவிடச் சொகுசான இடம் இல்லை. பல்லி செத்தால் தனியே சாகாது, போர்டையும் சேர்த்துக்கொண்டுதான் போகும்.

பாகங்கள் எல்லாம் ஒன்றோடு ஒன்று பொருந்தின. மாமியோடுதான் பொருந்தவில்லை.

வீடு மனைவியின் சீதன வீடு. அதற்கு முன் மாமியின் சீதன வீடு. இந்த ஊர் வழக்கப்படி பெண் பக்கம் வந்து குடியிருப்பவன் நான். ஒரு ஆணி அடிப்பதானாலும் அனுமதி வேண்டும். வயரிங் மாமா காலத்தது. சுவரில் வட்டத் துளைச் சொக்கெட். கணினியோடு வாங்கிய யூபிஎஸ்ஸின் வயரிலோ 13 அம்பியர் சதுரக் கால் பிளக்.

"சுவரக் கொத்தப்போறீங்களோ மருமகன்? மறுகா பாப்பம்."

எங்கள் ஊரில் "மறுகா" என்றால் பிறகு; மாமி வாயில் வந்தால் இல்லை. நடுவில் ஒரு அடப்டரைப் போட்டால் லொடலொடவென்று ஆடும், அதில் எனக்கு நம்பிக்கை இல்லை. கடைசியில் பேத்தி போய்க் கேட்டாள். மறுநாளே மின்வேலைக்காரர் வந்தார். சீதன வீட்டில் அடுத்த உரிமைக்காரி அவள்.

யூபிஎஸ் வேண்டவே வேண்டும் என்றதும் மகள்தான். 2022 மார்ச் கடைசியில் 13 மணி நேரம் கரண்ட் நின்ற நாடு இது. இப்போது அப்படி இல்லை என்றாலும், மாரி மழையில் மின்கம்பி சாய்ந்தால் சொல்லாமல் போகும். யூபிஎஸ் கொடுப்பது சில நிமிடம். எழுதியதைச் சேமித்து ஒழுங்காக நிறுத்த அது போதும்.

போன கார்த்திகை மழையில் கரண்ட் போனது. யூபிஎஸ் கீக் கீக் என்று கத்தியது. மகள் சேமிப்பதற்குள் திரை இருண்டது. குனிந்து பார்த்தால், பின்னால் மேசை விசிறி ஒன்று குத்தியிருக்கிறது. கரண்ட் இல்லாத நேரத்திலும் கரண்ட் தருகிற பெட்டி வீட்டுக்கு வந்திருப்பதை மாமி எங்களுக்கு முன்பே கண்டுபிடித்துவிட்டா.

"என்ட வீட்டுக் கரண்ட்தானே மனே" என்றா.

பேச்சுவார்த்தை நடந்தது. மகள் சேமித்து முடிக்கும் வரை விசிறி சுற்றக்கூடாது என்று இணக்கம். இப்போது மச்சான் கைத்தொலைபேசி சார்ஜரோடு வந்து, மிச்சமிருக்கிற துளை யாருடையது என்று கேட்டுக்கொண்டிருக்கிறான்.