கல் கிடைக்காத தீவு

தெருநாயைச் சமாளிக்க நம்மவர்களுக்குத் தெரிந்த வித்தை ஒன்றுதான்: சட்டென்று குனிந்து கல் பொறுக்குவதுபோல் பாவனை செய்வது. கையில் கல் சிக்காவிட்டாலும் பாதகமில்லை, குனிந்தாலே நாய் ஓட்டமெடுக்கும். பரம்பரை பரம்பரையாக வந்த இந்தக் கலை செல்லுபடியாகாத இடம் ஆஸ்திரேலியாவில், குயின்ஸ்லாந்து கரையோரம் இருக்கிறது. உலகின் மிகப்பெரிய மணல் தீவு. ஃப்ரேசர் தீவு என்று வழங்கிவந்த அதற்கு, பட்சுல்லா பூர்வகுடிகளின் பெயரான ‘கரி’ 2023-ல் சட்டப்படி திரும்பிவந்தது. 120 கிலோமீட்டருக்கு மேல் நீளம். ஒருசில பாறை முனைகளை விட்டால் மற்றதெல்லாம் மணல். நாயைக் கண்டால் கல்லைக் காணோம் என்ற பழமொழியை இந்தத் தீவுக்காகவே சொல்லிவைத்திருக்கிறார்கள்.

நாயும் சாதாரண நாயல்ல, டிங்கோ. குரைப்பது அபூர்வம், ஊளைதான். அது நெருங்கினால் என்ன செய்வது என்று படகுத்துறையிலேயே பலகை வைத்திருந்தார்கள். ஓடக்கூடாது. குனியக்கூடாது. நிமிர்ந்து நின்று, இரண்டு கையையும் மார்போடு கட்டி, முகத்தைப் பார்த்தபடியே மெல்லப் பின்வாங்க வேண்டும். நான் மாமனார் முன்னால்கூட அப்படிக் கைகட்டி நின்றதில்லை. உடன் வந்த மாமியார் பலகையைப் படித்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தார்.

பிரிஸ்பேனில் இருக்கும் மச்சான்தான் ஜீப்பை ஓட்டினான். படகிலிருந்து இறங்கியதும் நான்கு டயரிலும் காற்றை இறக்கினான். காசு கொடுத்துக் காற்றடித்தே பழகிய எனக்கு வயிற்றெரிச்சல். டயர் தட்டையானால்தான் மணலில் புதையாதாம். கிழக்குக் கடற்கரையே இங்கே நெடுஞ்சாலை. வேகம் 80-ஐத் தாண்டக்கூடாது, கடல் ஏறும் நேரத்தில் போகக்கூடாது. போதாததற்கு விமானமும் அதே மணலில் இறங்கும். “பிளேன் வந்தா நாமதான் ஒதுங்கணும் அத்தான்” என்றான். தண்ணீர் லாரிக்கே வழிவிடாத வம்சத்தில் வந்தவன் நான். கண்ணாடியை இறக்கி வானத்தைப் பார்த்துக்கொண்டே போனேன்.

வழியில் துருவேறிய பெரிய கப்பல் ஒன்று, மஹேனோ. 1935-ல் பழைய இரும்புக்காக ஜப்பானுக்கு இழுத்துப் போனபோது புயலில் கயிறறுந்து இங்கே ஒதுங்கியது. “எவ்வளவு இரும்பு வீணாப் போகுது” என்று மாமியார் வருந்தினார்.

உள்ளே போனால் மணல்மேட்டின்மேல் மழைக்காடு! வெறும் மணலில் மரம் எப்படி இவ்வளவு உயரம் போகிறது? வேரோடு ஒட்டி வாழும் பூஞ்சைகள் சத்தைச் சேர்த்துக் கொடுக்கின்றன. உதிர்ந்த இலை மக்கி அடுத்த மரத்துக்குச் சாப்பாடாகிறது. இங்கே வெட்டிய சாட்டினே மரம் சூயஸ் கால்வாய் வேலைக்கெல்லாம் போயிருக்கிறது. 1991-ல் மரவெட்டு நின்றது, மறுவருடம் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

மெக்கென்சி ஏரிக்கு ஆறும் இல்லை, ஊற்றும் இல்லை. முழுக்க மழைத் தண்ணீர். மக்கிய இலைதழையும் மணலும் இறுகி அடியில் கெட்டித் தளமாகிவிட்டதால் தண்ணீர் கீழே இறங்காமல் நிற்கிறது. கரை மணல் ஏறக்குறைய சுத்தமான சிலிக்கா, சபீனா பொடிபோல வெள்ளை. மாமியார் சும்மா இருப்பாரா? வளையலைக் கழற்றித் தேய்த்தார், பளபளத்தது. “ஒரு டப்பா எடுத்துக்கட்டுமா?” என்றார். தேசியப் பூங்காவிலிருந்து மணல் எடுப்பது குற்றம் என்று மச்சான் சொன்னதும், “ஊர்ல ஆறு ஆறா அள்றாங்க, இங்க ஒரு டப்பாவுக்கு வழியில்ல” என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ஏரிக்கரையில் சாப்பிடவும் தடை. சாப்பாட்டுக்கென்றே வேலி போட்ட இடம் இருக்கிறது. புளியோதரைப் பொட்டலத்தைப் பிரித்ததும் வேலிக்கு வெளியே ஒரு டிங்கோ வந்து நின்றது. மெலிந்த உடம்பு, மஞ்சள் தோல். காக்கைக்கு வைக்காமல் சாப்பிட்டறியாத மாமியாருக்கு மனசு கேட்கவில்லை. ஒரு பிடி உருட்டிக்கொண்டு எழுந்தார்.

“வேணாம்மா. மனுசங்க சோறு பழகிட்டா அது ஆளைக் கடிக்க ஆரம்பிக்கும், அப்புறம் அதைக் கொன்னுடுவாங்க.”

உருண்டை கையிலேயே இருந்தது.

“அதோட அபராதம் 2,000 டாலருக்கு மேல.”

“நம்ம காசுல?”

“லட்ச ரூபாய்க்கு மேல.”

கை சட்டென்று திரும்பியது. அந்த உருண்டை என் தட்டில் வந்து விழுந்தது. “நீங்க சாப்பிடுங்க மாப்பிள்ளை, உங்களுக்குப் போட்டா யாரும் கேட்கமாட்டாங்க.”