பானைக்குப் பதிவெண் இல்லை

கிழக்குத் தாம்பரத்தில் எங்கள் தெருமுனையில் சித்திரை வெயிலுக்குப் பானை வைத்து நீர்மோர் ஊற்றும் பாட்டி, வருமான வரிக் கணக்கில் அறநிறுவனம் அல்ல. பானைக்கு அறக்கட்டளைப் பத்திரம் இல்லை, வரிவிலக்குக்கான பதிவும் இல்லை. 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின் 2(15) பிரிவு ஏழைகளுக்கு உதவி, கல்வி, மருத்துவம் ஆகியவற்றை அறம் என்றது. 2015இல் யோகாவும் சேர்ந்தது. பதிவு இருந்தால் மூச்சை இழுத்து விடுவதும் தர்மம்தான்.

ஜிஎஸ்டி சாலையோரத் தனியார் பொறியியல் கல்லூரிகளும் சட்டப்படி லாப நோக்கில்லாதவை. கட்டணம் கட்டிவிட்டு வெளியே வரும் அப்பாக்களின் முகத்தைப் பாருங்கள், தர்மம் செய்தது யார் என்று விளங்கும். வரிவிலக்கு வேண்டுமானால் கல்வி மட்டுமே நோக்கமாக இருக்கவேண்டும் என்று 2022இல் உச்ச நீதிமன்றமே சொல்லவேண்டி வந்தது.

பாட்டியின் மோர் பதினொரு மணிக்குள் தீர்ந்துவிடும். வருவதானால் சீக்கிரம் வாருங்கள், ரசீது கேட்காதீர்கள்.