கடிதத்தை நசுக்கும் கலை: திருகு நகல் அழுத்தி பற்றி ஒரு சீரிய விசாரணை

மனிதன் எழுதக் கற்றுப் பல ஆயிரம் ஆண்டுகள் ஆகின்றன. எழுதிய கடிதத்தை அனுப்பிவிட்டு, "அதில் என்னதான் எழுதினோம்?" என்று தலையைச் சொறியும் வழக்கத்துக்கும் ஏறக்குறைய அதே வயதுதான் இருக்கும். முன்னதைப் பற்றி ஆய்வுகள் அலமாரி அலமாரியாக உண்டு. பின்னதற்குத் தீர்வாக வந்து, பத்தொன்பதாம் நூற்றாண்டு முழுக்க அலுவலகங்களில் சட்டமாய் உட்கார்ந்திருந்த வார்ப்பிரும்பு எந்திரத்தை மட்டும் அறிஞர் பெருமக்கள் ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. இந்த அநீதியைக் களைவதே இவ்வாய்வின் நோக்கம். கருதுகோள் ஒன்றே ஒன்று: நவீன அலுவலகத்தைத் தாங்கி நின்றது நீராவி அல்ல, மின்சாரமும் அல்ல, ஒரு திருகு. மறுப்புரைக்க விரும்புவோர் கட்டுரை முடியும்வரை பொறுத்தருள வேண்டும்.

நீராவியை ஒதுக்குவதால் ஜேம்ஸ் வாட்டின் ரசிகர்கள் கோபிக்கத் தேவையில்லை. இந்த எந்திரமும் அவருடையதுதான். பர்மிங்காமில் நீராவி எஞ்சின் வியாபாரம் சூடு பிடித்த காலத்தில், கணக்கும் வரைபடமுமாக அவர் எழுத வேண்டியிருந்த கடிதங்கள் கொஞ்சநஞ்சமல்ல. ஒவ்வொன்றையும் மறுபடி உட்கார்ந்து பார்த்தெழுதுவது அவருக்கு வேப்பங்காய். 1779 ஜூலையில், எழுத்தை நொடியில் நகலெடுக்க வழி கண்டுவிட்டதாக நண்பர் ஜோசப் பிளாக்குக்கு எழுதினார். 1780 பிப்ரவரியில் காப்புரிமை கிடைத்தது. மாத்யூ போல்டனும் ஜேம்ஸ் கெய்ரும் கூட்டுச் சேர, ஜேம்ஸ் வாட் அண்ட் கம்பெனி தொடங்கியது. ஆக, உலகின் ஆற்றல் பிரச்சினையைத் தீர்த்தவரே, நகலெழுதும் சோம்பலையும் தீர்த்து வைத்தார். இரண்டில் எது பெரிய சாதனை என்பதில் குமாஸ்தாக்களுக்கு ஐயம் இருந்திருக்காது.

லண்டன் வங்கியாளர்கள் மட்டும் பதறினார்கள். கையெழுத்தை அப்படியே உரித்தெடுக்கும் கருவி வந்துவிட்டால் கள்ளக் கையெழுத்துக்காரர்களுக்குக் கொண்டாட்டம் ஆகிவிடுமே என்பது அவர்கள் பயம். போல்டன் ஊருக்குள் சுற்றிச் செய்து காட்டி விற்க வேண்டியிருந்தது. பெஞ்சமின் பிராங்க்ளின், ஜார்ஜ் வாஷிங்டன், தாமஸ் ஜெஃபர்சன் ஆகியோர் கைகளுக்கும் கருவி போய்ச் சேர்ந்தது. ஒரு குடியரசை உருவாக்கியவர்கள் தாங்கள் யாருக்கு என்ன எழுதினோம் என்பதில் அத்தனை எச்சரிக்கையாக இருந்தார்கள். அரசியல்வாதிகள் இன்றைக்கும் கவனிக்கத்தக்க செய்தி.

தத்துவம் எளிது. நன்கு காயாத, அல்லது ஈரம் பட்டால் மறுபடி இளகக்கூடிய மையில் கடிதம் எழுத வேண்டும். அதன் முகத்தின்மேல் பசை ஏற்றாத மெல்லிய தாளை ஈரப்படுத்தி வைத்து அழுத்தினால், மையில் கொஞ்சம் தாளுக்கு இடம் பெயரும். எழுத்து இடவலம் மாறி, கண்ணாடியில் தெரிவது போல் விழும். ஆனால் தாள் வெங்காயச் சருகாக இருப்பதால் மை மறுபக்கம் ஊடுருவித் தெரியும். புரட்டிப் படித்தால் நேராக இருக்கும். வாட்டின் மைக்குரிய சரக்குகளைப் பார்த்தால் எந்த நாட்டு மருந்துக் கடைக்காரரும் முகம் மலர்வார்: மாசிக்காய், அன்னபேதி, படிகாரம், அரபிக் கோந்து. பிற்காலத்தில் அனிலின் சாயங்கள் வந்து மாசிக்காயை ஓரங்கட்டின. 1856-இல் வில்லியம் பெர்கின் தற்செயலாகக் கண்ட ஊதாச் சாயத்தின் வாரிசுகள் அவை. நாக்கில் தொட்டு எழுதினால் ஊதாவாக மாறும் பென்சிலும் இதே குடும்பம். அதன் ஆதி வேலை இந்த அழுத்தியில் நகல் தருவதுதான்.

இப்போது ஆய்வின் மையத்துக்கு, அதாவது மரைக்கு வருவோம். காப்புரிமையில் உருளை வகை, திருகு வகை இரண்டும் இருந்தன. வாட்டின் கம்பெனி பெரும்பாலும் உருளையை விற்றது. பத்தொன்பதாம் நூற்றாண்டு திருகையே தேர்ந்தெடுத்தது. திருகுக்கு வம்சப் பெருமையும் உண்டு: அலெக்சாந்திரியாவின் ஹீரோன் திருகு அழுத்திகளை விவரித்திருக்கிறார், ரோமானிய ஆசிரியர் பிளினி திராட்சை பிழிய அது வந்ததைக் குறித்திருக்கிறார், குட்டன்பர்க் அச்சிடப் பயன்படுத்தினார். ஆலிவையும் திராட்சையையும் பைபிளையும் நசுக்கிய பரம்பரை, கடைசியில் "தங்கள் கடிதம் கிடைத்தது" என்ற வரியை நசுக்க வந்து சேர்ந்தது. இதை வீழ்ச்சி என்பாரும் உளர்.

ஒரு கணக்கு. கைப்பிடியின் நுனி நடுவிலிருந்து 20 சென்டிமீட்டர் தள்ளி இருப்பதாகவும், ஒரு முழுச் சுற்றுக்குத் திருகு 1.2 சென்டிமீட்டர் இறங்குவதாகவும் வைத்துக்கொள்வோம். கை போகும் தூரம் ஏறத்தாழ 125 சென்டிமீட்டர். திருகின் கீழே தாளை அழுத்தும் தட்டு இறங்குவது ஒன்றேகால்கூட இல்லை. விசை நூறு மடங்குக்கு மேல் பெருகுகிறது. இரு கைகளும் சேர்ந்து 20 கிலோ அளவுக்குத் தள்ளினால், ஏட்டுக் கணக்கில் இரண்டு டன். உராய்வு என்ற வரி வசூலிப்பவர் முக்கால் பங்கைப் பிடுங்கிக்கொண்டாலும் 500 கிலோ மிஞ்சும். 20-க்கு 25 சென்டிமீட்டர் தாளில் அதைப் பரப்பினால் சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோ. அதாவது நம் தலைமேல் எப்போதும் உட்கார்ந்திருக்கும் காற்று மண்டலத்தின் அழுத்தத்துக்குச் சமம். காலைக் காப்பி குடித்த எந்த குமாஸ்தாவும் ஒரு வளிமண்டலத்தைக் கையால் உண்டாக்கினார் என்பது வரலாறு மறைத்த உண்மை.

பிடுங்கிய உராய்வையும் திட்டக் கூடாது. கையை எடுத்த பிறகும் திருகு தானாகப் பின்வாங்காமல் நிற்பது அதன் தயவில்தான். மரையின் சரிவு உராய்வுக் கோணத்தைவிடக் குறைவாக இருக்கும்வரை திருகு பூட்டியது பூட்டியபடி இருக்கும். நகல் ஊற ஓரிரு நிமிடம் தேவை. அதுவரை ஆள் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றால் அலுவலகம் என்னாவது? ஆனால் சரிவு மிகக் குறைந்தால் வேறு தொல்லை: தட்டை மேலேற்றி, நகல் தாள்களைக் கட்டிய புத்தகத்தை எடுக்கப் பம்பரமாய்ச் சுற்ற வேண்டும். அருகருகே இரண்டு மூன்று புரிகளை ஓடவிட்டு வேகத்தையும் வலுவையும் சமாளித்த செய்முறையாளர்கள் பொறியியலில் மட்டுமல்ல, சமரசத்திலும் வல்லவர்கள். புரியின் வடிவத்தையும் கவனிக்க வேண்டும். சாதாரண திருகாணியின் கூர்மையான புரி மரையைப் பக்கவாட்டில் பிளக்கப் பார்க்கும், உராய்வும் அதிகம். ஆகவே இங்கே சதுரப் புரி.

இதைவிட நுட்பமான இடம் திருகின் காலடி. திருகு சுற்றும், தட்டு சுற்றக் கூடாது. நம் வீட்டுத் திருகு முறுக்கு நாழியில் உள்தட்டு கொஞ்சம் சுற்றினாலும் மாவு கோபித்துக்கொள்ளாது. ஈரத்தாளின்மேல் தட்டு அரை விரல் திரும்பினாலோ, "பெருமதிப்பிற்குரிய ஐயா" ஊதா நிறக் கறையாக முடிவார். எனவே திருகின் நுனி தட்டின் நடுவே உள்ள குழியில் ஒரு வளையத்தால் பிடிக்கப்பட்டிருக்கும்: தட்டைத் தூக்கும், இறக்கும், திருப்பாது. தட்டின் இரு காதுகளும் தூண்களையோ, திருகைத் தாங்கும் வளைவின் கால்களையோ பற்றியபடி ஏறி இறங்கும். நடுவில் இறங்கும் விசை ஓரம்வரை போய்ச் சேரத் தட்டின் முதுகில் விலா எலும்புகள் போல் வரம்புகள் வார்க்கப்பட்டிருக்கும். இவை இல்லாவிட்டால் கடிதத்தின் நடுப்பத்தி மட்டும் நகலாகும். ஓரத்தில் போட்ட தேதியும் கையெழுத்தும் போச்சு.

கைப்பிடி விஷயத்தில் உலகம் இரண்டாகப் பிரிந்திருந்தது. சக்கரக் கட்சியார் கப்பல் சுக்கான் போன்ற வளையத்தை விரும்பினர். தண்டுக் கட்சியார் இரு முனையிலும் உருண்டை வைத்த குறுக்குத் தண்டை விரும்பினர். உருண்டைகள் வெறும் அலங்காரம் என்று நினைப்பது மேலோட்டமான பார்வை. ஒரு வீச்சாகச் சுற்றிவிட்டால் அவற்றின் கனம் வேகத்தைச் சேமித்து வைத்துக்கொண்டு, தட்டு தாளைத் தொடும் கணத்தில் அத்தனையையும் கொட்டிவிடும். நாணயம் அடிக்கும் திருகு எந்திரத்தின் உபாயம் இது. அலுவலகப் பையன்கள் இதை எவரும் சொல்லித்தராமலே கண்டுபிடித்திருப்பார்கள் என்பதே இவ்வாய்வாளரின் துணிபு.

பையனின் வேலை அத்தோடு முடியாது. 500 அல்லது 1000 மெல்லிய தாள்கள் கொண்ட நகல் புத்தகத்தைத் திறந்து, எண்ணெய்த்தாளைக் கீழே வைத்து, நகல் தாளை ஈரத் தூரிகையால் தடவி, மிச்ச ஈரத்தை ஒற்றியெடுத்து, கடிதத்தைக் கவிழ்த்து, மேலே இன்னொரு எண்ணெய்த்தாள் வைத்து, மூடி, அழுத்தியில் செருகி, சுற்ற வேண்டும். ஈரம் கூடினால் எழுத்து ஊதி மீசை முளைக்கும். குறைந்தால் பேய் எழுத்து. முதலாளியிடம் வசவு இரண்டுக்கும் ஒன்றுதான். ஆனால் பலன் பெரிது. பக்க எண் போட்டுக் கட்டிய புத்தகம் ஆகையால் நடுவில் ஒரு கடிதத்தைச் சத்தமில்லாமல் செருகவும் முடியாது, கழற்றவும் முடியாது. இன்றைய கணினிகளுக்கு இந்தக் கற்பு கிடையாது.

பலவீனமும் உண்டு. வார்ப்பிரும்பு நசுக்கலைத் தாங்கும் அளவில் மூன்றில் ஒரு பங்குகூட இழுவையைத் தாங்காது. திருகு தட்டைக் கீழே தள்ளும்போது வளைவை மேலே தள்ளுகிறது. வளைவின் கால்கள் இழுபடுகின்றன. உற்சாகம் மிகுந்த கை ஒன்று கூடுதலாகச் சுற்றினால் கரும்பூச்சும் பொற்கோடும் பூவேலையும் போட்ட வளைவு படாரென்று உடைந்துவிடும். மரை கழன்ற மனிதரை ஊர் பொறுத்துக்கொள்ளும். வளைவு உடைந்த அழுத்தி பழைய இரும்புக்குத்தான் லாயக்கு.

வீழ்ச்சி மெதுவாக வந்தது. ரால்ஃப் வெட்ஜ்வுட் 1806-லேயே கார்பன் தாளுக்குக் காப்புரிமை வாங்கியிருந்தார். இறகுப் பேனாவின் அழுத்தம் போதாததால் அது காத்திருந்தது. 1874-இல் ரெமிங்டன் தட்டச்சு எந்திரம் சந்தைக்கு வந்தபின் கார்பனுக்கு வாழ்வு வந்தது. வந்த கடிதத்தையும் போன கடிதத்தின் நகலையும் ஒரே கோப்பில் நிறுத்திவைக்கும் வழக்கம் பரவியதும், வரிசை மாறாத நகல் புத்தகம் இடைஞ்சல் ஆயிற்று. அழுத்தி தோற்றது வலிமைக் குறைவால் அல்ல, கோப்பு அலமாரியால்.

இன்று பழம்பொருள் கடைகளில் இவை "புத்தகக் கட்டுநர் அழுத்தி" என்ற பெயரில் நிற்கின்றன. உண்மையான கட்டுநர் அழுத்தியில் அடுக்கடுக்காய்ப் புத்தகம் வைக்க உயரம் இருக்கும். நகல் அழுத்தியில் ஒரு தடித்த புத்தகத்துக்கு மட்டுமே இடம். கண்டால் அளந்து பார்க்கவும். பிறகு திருகை முழுக்க மேலேற்றி, தட்டு ஆடுகிறதா என்று தொட்டுப் பார்த்து, வளைவு காலோடு சேரும் மூலையில் விரலை ஓட்டவும். அங்கே மயிரிழை விரிசல் தட்டுப்பட்டால் கடைக்காரர் எவ்வளவு குறைத்தாலும் வாங்காதீர்கள்.