தோணாவும் தோணாதவர்களும்

சாய்ந்து நின்ற ஒரு மருத மரத்தால் இலங்கையின் அம்பாறைக் கரையோரத்துச் சாய்ந்தமருதுக்கு அந்தப் பெயர் வந்தது என்று ஊரில் சொல்வார்கள். மருது தண்ணீர்க்கரையில் நிற்கும் மரம். ஆகவே ஊரின் பெயர்ப்பலகையிலேயே ஒரு நீர்நிலை ஒளிந்திருக்கிறது. மரம் போய்விட்டது, சாய்வு மட்டும் மிச்சம்: வீட்டுக் கான், கடைக் கான், வீதிக் கான் எல்லாம் தோணாப் பக்கம்தான் சாய்ந்திருக்கின்றன. தோணா என்பது கடலோரத்து ஊர்களுக்குள் ஒடுங்கிக் கிடக்கும் நீரோடை. மாரியில் வெள்ளத்தை வாங்கிக் கடலுக்குள் தள்ளும், கோடையில் கடல் அதன் வாயில் மணலைப் போட்டு மூடிவிடும். மற்றக் காலத்தில் அது ஆற்றுவாழைக்கும் நுளம்புக்கும் சொந்தம். அதைத் திருத்தித் தரச் சொல்லி ஊரார் மகஜர் கொடுப்பதும், யாராவது வந்து பார்ப்பதும், பார்த்தவர் மூக்கைப் பொத்திக்கொண்டு திரும்புவதும் வருடக்கணக்காக நடக்கின்றன. பெயரிலும் ஒரு பிழை இருக்கலாம். 'தோணா' என்று கோப்பின் மேல் எழுதியிருந்தால், படிக்கிற அதிகாரிக்கு வேறென்ன தோணும்?

நான் சொல்ல வருவது இது. தோணாவை யார் திருத்த வேண்டும் என்று தேடுவதை விட்டுவிட்டு, யார் நிரப்பியது என்று கேட்க வேண்டும். நிலத்தை 'அபிவிருத்தி' செய்தவர்தான் தண்ணீருக்கும் பொறுப்பு. வேறு ஊர்களில் இது சுலபம், ஏனென்றால் அங்கே கட்டியவருக்கு ஒரு பெயரும் முகவரியும் இருக்கும். பெங்களூரில் பெல்லந்தூர் ஏரி 2017 பெப்ரவரியில் தீப்பிடித்துப் புகைந்தது. தண்ணீர் எரிகிற அளவுக்கு முன்னேற நமக்கு இன்னும் நாளாகும். ஆனால் அதற்கு முந்திய வருடமே, ஏரிக்கருகில் கட்டிய இரண்டு நிறுவனங்களைத் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் கூண்டில் ஏற்றியது. ஒன்றுக்கு மட்டும் 117 கோடி இந்திய ரூபாய் தண்டம். கட்டடத்துக்கும் ஏரிக்கும் இடையில் 75 மீற்றர் விடவேண்டும் என்று அதே தீர்ப்பாயம் சொன்னதை 2019இல் உச்ச நீதிமன்றம் தள்ளிவிட்டது வேறு கதை. ஆனாலும் பிடிக்க அங்கே ஒரு சட்டைக் கொலராவது இருந்தது. சாய்ந்தமருதில் அபிவிருத்தி என்பவர் சட்டை போடாதவர். அவருக்குக் கம்பனி இல்லை, விளம்பரம் இல்லை, அடிக்கல் மட்டும் உண்டு.

அவருக்கு அகராதியும் உண்டு. கொழும்பின் தாழ்நிலங்களை நிரப்ப 1968இல் ஒரு சட்டம் வந்தது. அதில் பிறந்த கூட்டுத்தாபனம் பின்னாளில் நாடு முழுவதற்குமாகி, தமிழில் 'காணி மீட்டல்' என்ற பெயரைச் சுமந்தது. மீட்டல் என்ற சொல்லைக் கொஞ்சம் நின்று பாருங்கள். அடகு வைத்த நகையை மீட்கலாம், கடத்திப்போன பிள்ளையை மீட்கலாம். நிலத்தை யார் கடத்தினார்கள்? தண்ணீர்தான் குற்றவாளி. அதன் வீட்டுக்குள் கிறவல் ஏற்றிய டிப்பரை விட்டு நிலத்தை விடுவிப்பதுதான் வீரம். நம்மூரில் அந்த வீரத்துக்குப் பொருத்தமான பெயரும் அமைந்துவிட்டது. சுனாமிக்குப் பிறகு மேற்கே கரைவாகு வட்டை என்னும் வயல்வெளியில் மண்போட்டு எழும்பிய குடியிருப்புகளில் ஒன்றுக்குப் பெயர் பொலிவேரியன் கிராமம். தென்னமெரிக்காவின் பல நாடுகளை ஸ்பானியரிடமிருந்து விடுவித்த சிமோன் பொலிவாரின் பெயர் அது. அம்பாறைக் கரையில் அந்தப் பெயர் நெல்வயலைத் தண்ணீரிடமிருந்து விடுவித்தது.

இந்த இடத்தில் ஒரு நியாயமான கேள்வி எழும், சிரித்துத் தள்ள முடியாத கேள்வி: வீடு இழந்த சனத்தை எங்கே வைப்பது? 2004 டிசம்பர் 26இல் இலங்கையிலேயே அதிக உயிர்களைக் கொடுத்தது அம்பாறை மாவட்டம். அதன்பின் கிழக்கில் கடலிலிருந்து 200 மீற்றருக்குள் கட்டக்கூடாது என்றார்கள், பிறகு தளர்த்தினார்கள். 17 கிராம சேவகர் பிரிவுகளில் 2012 கணக்கெடுப்பின்படி 25 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் நெருங்கி வாழும் ஊரில் கிழக்கே கடல், மேற்கே வயல். ஆட்கள் வானத்திலா தொங்குவது? வீடு கட்டியது பிழையென்று நான் சொல்லவில்லை. பிழை கணக்கில் இருக்கிறது. வட்டை என்பது நெல்லுக்கு மட்டுமான இடமில்லை, மாரி வெள்ளம் வந்து இரண்டு நாள் உட்கார்ந்துவிட்டுப் போகும் விறாந்தை. விறாந்தையை அறையாக்கினால் விருந்தாளி ஹோலுக்குள் வருவார். வயலை நிரப்புவதற்கு அனுமதி வேண்டும் என்று 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டமே சொல்கிறது. அந்த அனுமதிப் படிவத்தில் ஒரு கேள்வி கூடுதலாக இருந்திருக்கலாம்: 'இங்கிருந்த தண்ணீருக்கு மாற்றுக் காணி எங்கே?'

மாற்றுக் காணி கொடுக்காதபடியால் அது தோணாவுக்குள் நெருங்கியடிக்கிறது. அங்கே போகும் ஒரு துளியின் பயணத்தைப் பின்தொடர்ந்தால் நிர்வாகப் பாடம் முழுவதும் படிக்கலாம். வட்டைக்குள் இருக்கும்வரை அது கமநலத்துக்கும் நீர்ப்பாசனத்துக்கும் சொந்தம். பாலத்துக்குக் கீழே வந்தால் வீதி அபிவிருத்தி அதிகார சபை. ஊருக்குள் நுழைந்ததும் கல்முனை மாநகர சபை. கரைக் காணி யாருடையது என்றால் பிரதேச செயலகம். நாற்றம் வந்தால் சுற்றாடல் அதிகார சபை. நுளம்பு முட்டையிட்டால் சுகாதார வைத்திய அதிகாரி. முகத்துவாரத்து மணலை அடைந்துவிட்டால் கரையோரம் பேணல் திணைக்களம். இத்தனை வாப்பாமார் இருக்கும் பிள்ளைக்குச் சோறு போட ஆளில்லை. துளிக்கு இது ஒன்றும் தெரியாததால் அது பாட்டுக்கு ஓடிவருகிறது. மணல் திட்டில் முட்டி நின்றபின் வந்த வழியே திரும்பி யாருடைய குசினிக்குள்ளாவது ஏறுகிறது.

நம் பக்கத்துப் பிழையும் சின்னதில்லை. எதைத் திருத்தச் சொல்லிக் கேட்கிறோம் என்று பார்த்தால் எனக்குச் சிரிப்பு வரும். நடைபாதை, மின்விளக்கு, வாங்கு, முடிந்தால் ஒரு படகு. தோணாவை அழகுபடுத்தல் என்று அதற்குப் பெயர். மூச்சு முட்டிக் கிடப்பவருக்குப் பவுடர் பூசுவது போல. அழகுபடுத்தல் அரசியல்வாதிக்குப் பிடிக்கும், புகைப்படத்தில் விழும். முகத்துவாரம் வெட்டுவது விழாது, பெகோவும் சேறும்தான் விழும். தண்ணீருக்கும் இடம் வேண்டும் என்பது கொழும்புக்குக்கூட நீண்ட காலம் தோணவில்லை. 2010 நவம்பரில் தியவன்னா வெள்ளம் பாராளுமன்றத்துக்குள்ளேயே புகுந்தபோதுதான் ஈரநிலம் என்றால் என்னவென்று கௌரவ உறுப்பினர்களுக்குக் காலில் தெரிந்தது. 2012இல் உலக வங்கியிடம் 213 மில்லியன் டொலர் கடன் வாங்கி வாய்க்கால்களையும் ஈரநிலங்களையும் திருத்த ஆரம்பித்தார்கள். 2018இல் கொழும்புக்கு ராம்சார் ஈரநில நகரம் என்ற பட்டமும் கிடைத்தது. 'மீட்டல்' கூட்டுத்தாபனமே தலவத்துகொடையில் தியசரு என்ற ஈரநிலப் பூங்காவை நடத்துகிறது, தன் பெயரிலிருந்த மீட்டலையும் கழற்றிவிட்டது. நிரப்பியவரே காவல்காரராக முடியும் என்பதற்கு எனக்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். நமக்குள்ள ஒரே குறை, பாராளுமன்றம் கரைவாகு வட்டையில் இல்லை.

இன்னொரு வாதம், மாநகர சபைப் பக்கத்து வாதம்: குப்பை போடுவது நீங்கள், திருத்த நாங்களா? பதில் சொல்ல நாக்கு கொஞ்சம் தடுமாறத்தான் செய்கிறது. தோணாவில் மிதக்கும் பெம்பர்ஸ் எந்தத் திணைக்களத்தினதும் அல்ல. கோழிக்கடைக் கழிவுப் பையும் கொழும்பிலிருந்து வந்து இறங்கவில்லை. முடிச்சுப் போட்ட பையை இரவில் மோட்டார் சைக்கிளை நிறுத்தாமலே எறிகிற கைப்பழக்கம் இருக்கிறதே, அதற்கு ஒலிம்பிக்கில் இடமிருந்தால் இலங்கைக்குப் பதக்கம் நிச்சயம். ஆனால் குப்பைப் பையை அள்ளலாம். நிரப்பிய வட்டையை அள்ள முடியாது. ஓடுகிற தண்ணீரில் எறிய மனம் கூசும், தேங்கிய தண்ணீரில் கூசாது. வாயைத் திறந்துவிடுங்கள், பாதிப் பேருக்கு வெட்கம் வரும். மீதிப் பேருக்குத் தண்டம் போடுங்கள். அதற்குத்தான் சபை.

சபை என்றதும் இந்த ஊருக்கு வேறு ஞாபகம் வரும். தனிச் சபை கேட்டுப் பல வருடம் போராடி, 2020 பெப்ரவரியில் சாய்ந்தமருது நகர சபை வர்த்தமானியில் பிறந்தது. பிறந்த வாரத்துக்குள்ளேயே அமைச்சரவை அதை நிறுத்திவைத்தது. எந்தச் சபையாக இருந்தாலும் மகஜரை இனித் திருத்தி எழுதலாம். விளக்கும் வாங்கும் வேண்டாம். மாரிக்கு முன் வருடாவருடம் யார் முகத்துவாரம் வெட்டுவது, ஒரே பெயர். வட்டையில் இனி விழும் ஒவ்வொரு டிப்பர் கிறவலுக்கும் எங்கே வடிச்சல், ஒரே கோடு. திறப்பு விழாவும் வைத்துக்கொள்ளட்டும், மறுப்பில்லை. கார்த்திகை மாதம், கொட்டுகிற மழையில், முகத்துவாரத்து மணலில். பிரதம அதிதிக்கு நாடா தேவையில்லை, ஒரு மண்வெட்டி போதும். பொன்னாடையை மட்டும் முன்னாலேயே போர்த்திவிட வேண்டும். மணலை வெட்டித் தண்ணீர் பாய்ந்தபின் அவர் எந்தப் பக்கக் கரையில் நிற்பார் என்று யாராலும் சொல்ல முடியாது.