பூட்டைப் பிடித்தோர் இலக்கணம்

ஒரு நிரல் உறைந்து நிற்பது இருவகைப்படும். ஒன்று, ஓயாமல் எதையோ செய்துகொண்டே நிற்பது. அப்போது கணினியின் விசிறி இரையும். மற்றொன்று, எதையும் செய்யாமல் நிற்பது. அப்போது விசிறிகூட இரையாது. இவ்வாய்வின் எல்லை, பின்னதன் ஒரு சிறு கிளை: சி, சி++ மொழிகளில் எழுதிய பெரிய நிரலுக்குள் பைத்தான் இன்டர்பிரிட்டரைக் குடிவைத்த ஒருவர், தம் நிரல் திடீரென்று மின்சாரத்தை மிச்சப்படுத்தத் தொடங்கியது ஏன் என்று வியந்து நிற்கும் நிலை. இஃது அற்பப் பொருளாயிற்றே எனின், அற்றன்று. முப்பரிமாணப் படங்கள் செய்யும் பிளெண்டரும், அப்பாச்சி வெப் சர்வருக்குள் பைத்தானை ஓட்டும் மோட்_டபிள்யூஎஸ்ஜிஐயும் இந்தக் குடித்தனத்தை ஆண்டுக்கணக்கில் நடத்திவருகின்றன.

முதலில் பூட்டின் வரலாறு. பைத்தானை 1991இல் ஆம்ஸ்டர்டாமின் சி.டபிள்யூ.ஐ. ஆய்வு நிறுவனத்திலிருந்து வெளியிட்டவர் கிடோ வான் ரோசம். அடுத்த ஆண்டு அதில் த்ரெட் வசதி சேர்ந்தது; கூடவே இன்டர்பிரிட்டர் முழுமைக்கும் ஒற்றைப் பூட்டு ஒன்றும் சேர்ந்தது. ஜிஐஎல் என்று பெயர் சொல்லி இன்றளவும் பலர் திட்டுவது இதைத்தான். காரணம் எளியது. பைத்தானில் ஒவ்வொரு பொருளும், தன்னை எத்தனை இடங்களிலிருந்து சுட்டுகிறார்கள் என்ற எண்ணிக்கையைத் தானே சுமக்கிறது. எண்ணிக்கை பூஜ்யமானால் நினைவகத்தை விட்டு நீங்குகிறது. இரண்டு த்ரெட்கள் ஒரே கணத்தில் அந்த எண்ணைக் கூட்டினால் ஒரு கூட்டல் தொலைந்துபோகும். தொலைந்த அந்த ஒன்றால், இன்னும் உயிரோடிருக்கும் பொருள் அடக்கம் செய்யப்படும். ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு பூட்டுப் போடுவதைவிட வாசலுக்கு ஒரே பூட்டுப் போடுவது மலிவு. அக்காலத்து மேசைக் கணினிகளில் ப்ராசஸர் ஒன்றே ஒன்றுதான் என்பதால் நட்டமும் பெரிதாக இல்லை.

தலபுராணப் பிரியர்களுக்கு ஒரு செய்தி. பூட்டுகளுக்கெல்லாம் மூதாதையான செமஃபோரை வகுத்த எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா, 1952 முதல் 1962 வரை பணியாற்றியது இதே நிறுவனத்தில்தான். அப்போது அதன் பெயர் மேத்தமேட்டிக்கல் சென்டர். மண்வாகு என்பாரை மறுக்க இக்கட்டுரையாளரிடம் சான்றில்லை.

இனி இலக்கணம். பூட்டோடு உறவுடைய த்ரெட்கள் மூவகை: அறிந்து பிடித்தவை, அறியாமல் பிடித்தவை, பிடிக்காமலே பிடித்ததுபோல் நடப்பவை. முதல் வகையால் யாருக்கும் தொல்லை இல்லை. ஆதலின் அவற்றைப் பற்றி எவரும் எழுதுவதில்லை. இவ்வாய்வும் அம்மரபை மீறாது.

இரண்டாம் வகைதான் குடிவைப்போரின் தலைவலி. பை_இனிஷியலைஸ் என்ற ஃபங்ஷனை அழைத்தால் இன்டர்பிரிட்டர் கண்விழிக்கும். அழைத்த த்ரெட் திரும்பி வரும்போது அதன் கையில் பூட்டும் இருக்கும். கொடுத்தேன் என்று யாரும் சொல்வதில்லை. அந்த ஃபங்ஷன் எதையும் திருப்பித் தருவதாகக்கூட அறிவிக்கப்படவில்லை. அந்த மெயின் த்ரெட் நேரே போய்த் தன் ஜன்னல்களைக் கவனிக்கும் ஈவெண்ட் லூப்பில் உட்கார்ந்துவிடுகிறது, அல்லது நெட்வொர்க்கில் யாராவது வருவார்களா என்று பார்த்து நிற்கிறது. இதற்கிடையே இன்னொரு த்ரெட் ஒரு ஸ்கிரிப்டை ஓட்ட விரும்பி, நல்ல பிள்ளையாக பைஜிஐஎல்ஸ்டேட்_என்ஷூர் என்று முறைப்படி கேட்கிறது. கேட்ட இடத்திலேயே நிற்கிறது. எரர் இல்லை, எச்சரிக்கை இல்லை, முடிவும் இல்லை. எழுதியவர் முதலில் ஸ்கிரிப்டைச் சந்தேகிப்பார், பிறகு நெட்வொர்க்கை, பிறகு ஆன்டிவைரஸை. கடைசியில் டீபக்கரைத் திறந்தால், மெயின் த்ரெட் பைத்தானுக்குத் துளியும் தொடர்பில்லாத ஓரிடத்தில் பூட்டைப் பிடித்தபடி தூங்கிக்கொண்டிருக்கும்.

மருந்து ஒரே வரி. இன்டர்பிரிட்டரை எழுப்பிய கையோடு பைஇவால்_சேவ்த்ரெட் என்று அழைத்துப் பூட்டைக் கீழே வைக்க வேண்டும். அது தரும் பாயிண்டரைப் பத்திரப்படுத்தி, கடையைக் கட்டும் நேரத்தில் திருப்பிக் கொடுக்க வேண்டும். பைத்தானின் ஆவணங்களில் இதெல்லாம் ஒளிவுமறைவின்றி இருக்கிறது. ஆனால் ஒற்றை த்ரெட் வைத்துச் சோதிக்கும்வரை இந்தக் கோளாறு தலைகாட்டாது. தலைகாட்டாத கோளாறுக்காக யாரும் ஆவணம் படிப்பதில்லை.

மூன்றாம் வகை வேறு மாதிரி. பூட்டு இல்லாமலே ஒரு த்ரெட் பைத்தான் பட்டியலில் ஒரு பொருளைச் சேர்க்கிறது. வேலை நடந்துவிடுகிறது! ஒரு நாள், இரு நாள், டெமோ நாளிலும் நடக்கிறது. பின்னொரு நாள், அந்தப் பட்டியலோடு சம்பந்தமே இல்லாத ஒரு மூலையில் நிரல் செத்து விழுகிறது. முன்பு சொன்ன எண்ணிக்கையில் எங்கோ ஒன்று குறைந்ததன் விளைவு அது. உறைந்து நிற்கும் நிரல் குற்றம் நடந்த இடத்திலேயே பிடிபடும். இந்த வகையில் குற்றம் நடந்த இடம் ஒன்று, பிணம் கிடக்கும் இடம் வேறு. இரண்டில் எது மேல் என்று கேட்டால், உறைவதே மேல் என்பது இக்கட்டுரையாளர் துணிபு.

பூட்டைச் சற்று நேரம் கீழே வைக்கவும் ஒரு வழி உண்டு. நெடுநேரம் பிடிக்கும் வேலையை, ஒரு கோப்பைப் படிப்பதை எடுத்துக்கொள்வோம், பை_பிகின்_அலவ்_த்ரெட்ஸ், பை_எண்ட்_அலவ்_த்ரெட்ஸ் என்ற இரு மேக்ரோக்களுக்கு நடுவில் எழுத வேண்டும். முதல் மேக்ரோ தனக்குள் ஓர் அடைப்பைத் திறந்து விடுகிறது. இரண்டாவது அதை மூடுகிறது. ஒன்றை எழுதி மற்றொன்றை மறந்தால் கம்பைலரே கூச்சலிடும். இவ்வளவு முன்யோசனையோடு செய்த ஏற்பாட்டிலும், நடுவில் ஒரு ரிட்டர்ன் எழுதி வெளியே போய்விடுபவரைத் தடுக்க வழியில்லை. அவர் மூன்றாம் வகையில் சேர்கிறார்.

இதுவரை சொன்னது ஒரு பூட்டின் கதை. குடிவைத்த வீட்டுக்காரருக்கோ சொந்தமாகவும் ஒரு பூட்டு இருக்கும். தம் தரவுகளைக் காக்க எப்போதோ போட்டது. ஒரு த்ரெட் வீட்டுக்காரர் பூட்டைப் பிடித்தபடி பைத்தானின் பூட்டைக் கேட்கிறது. அதே நேரத்தில் பைத்தான் ஸ்கிரிப்ட் ஒன்று, பைத்தானின் பூட்டைப் பிடித்தபடி வீட்டுக்காரரின் ஃபங்ஷனை அழைக்கிறது. அந்த ஃபங்ஷன் வீட்டுக்காரர் பூட்டைக் கேட்கிறது. முடிந்தது. டெட்லாக் வர நான்கு நிபந்தனைகள் ஒருங்கே கூட வேண்டும் என்று 1971இல் காஃப்மன், எல்ஃபிக், ஷோஷானி மூவரும் எழுதினர்: ஒருவர் மட்டுமே பிடிக்கக்கூடிய பொருள், ஒன்றைப் பிடித்தபடி மற்றொன்றுக்குக் காத்திருத்தல், பறிக்க முடியாமை, காத்திருப்போர் வட்டமாதல். பைத்தானைக் குடிவைத்தவுடன் முதலும் மூன்றும் இலவசமாகக் கிடைக்கின்றன. இரண்டாவது சோம்பலால் கிடைக்கிறது. நான்காவதற்கு ஒரு கால்பேக் போதும். தப்பிக்கும் வழி, எந்தப் பூட்டை முதலில் பிடிப்பது என்ற வரிசையை எல்லா த்ரெட்களுக்கும் ஒன்றாக வைப்பது. அதைவிட எளிது, பைத்தானுக்குள் நுழையுமுன் சொந்தப் பூட்டை விட்டுவிடுவது.

பிரேசிலில் 1993இல் பிறந்த லுவா இந்தச் சச்சரவைப் பெருந்தன்மையோடு தட்டிக்கழித்தது. அதன் மூலநிரலில் லுவா_லாக், லுவா_அன்லாக் என்று இரு மேக்ரோக்கள் உண்டு. இயல்பாக இரண்டும் வெற்று. பூட்டு வேண்டுமானால் நீரே எழுதிக்கொள்ளும் என்பது ஏற்பாடு. ஒவ்வொரு த்ரெட்டுக்கும் தனித் தனி லுவா ஸ்டேட் திறந்துகொண்டால் பூட்டே வேண்டாம். அவற்றுக்கிடையே பொதுச் சொத்து எதுவும் இல்லை. விளையாட்டு நிரல் எழுதுவோர் லுவாவை விரும்புவதற்கு அதன் சிற்றுருவம் மட்டும் காரணமன்று என்று கொள்க.

பைத்தானும் ஒரே வீட்டில் பல இன்டர்பிரிட்டர்களை அனுமதிக்கிறது. மோட்_டபிள்யூஎஸ்ஜிஐ அவ்வாறே வெப் செயலிக்கு ஒன்று என்று வைத்தது. இங்கேதான் சிக்கல். எந்த த்ரெட்டிலிருந்தும் எளிதாகப் பூட்டைக் கேட்கும் வழியை மார்க் ஹேமண்ட் முன்மொழிய, 2003இல் பைத்தான் 2.3 அதை ஏற்றது. அந்த எளிய வழி, உலகில் இன்டர்பிரிட்டர் ஒன்றே என்று நம்பி எழுதியது. நம்பை போன்ற சி நீட்சிகளைத் துணை இன்டர்பிரிட்டரில் ஏற்றியவர்கள் உறைந்த சர்வரைப் பெற்றனர். பரிகாரமாகச் சொல்லப்பட்டது, உள்ளமைப்புக் கோப்பில் ஒரு வரி சேர்த்து எல்லாரையும் முதன்மை இன்டர்பிரிட்டருக்கே அனுப்புவது. பல குடித்தனங்கள் வைத்த வீட்டில் எல்லாரையும் ஒரே அறைக்கு மாற்றித் தீர்த்த வழக்கு இது. இன்டர்பிரிட்டருக்கு ஒரு பூட்டு என்ற ஏற்பாடு எரிக் ஸ்னோவின் முயற்சியால் 2023இல், 3.12 பதிப்பில் வந்தது.

குடித்தனத்தைக் காலி செய்யும் படலம் தனி. பை_ஃபைனலைஸ் அழைத்த பின்னும் ஏதேனும் ஒரு த்ரெட் வந்து பூட்டைக் கேட்டால் என்ன ஆகும்? நெடுங்காலமாக அந்த த்ரெட்டை அங்கேயே கொன்றுவிடுவார்கள்; அது பிடித்திருந்த மற்றப் பூட்டுகளின் கதி அதோகதி. 3.14 பதிப்பிலிருந்து கொலை இல்லை. கேட்ட த்ரெட் கேட்ட இடத்திலேயே நிரந்தரமாக உறைந்து நிற்கும். கருணை என்பதற்கு இப்படியும் ஒரு பொருள் உண்டு போலும்! பிளெண்டரின் ஆவணம் முன்னெச்சரிக்கையாக, ஸ்கிரிப்ட் முடியுமுன் அதன் த்ரெட்கள் முடிந்திருக்க வேண்டும் என்று சொல்லிவிடுகிறது.

பூட்டையே எடுத்துவிட்டால் என்ன என்று கேட்காத தலைமுறை இல்லை. 1990களில் கிரெக் ஸ்டைன் எடுத்துக் காட்டினார். ஒற்றை த்ரெட் நிரல்களின் வேகம் ஏறத்தாழப் பாதியானது. 2009இல் சிகாகோவில் டேவிட் பீஸ்லி, வெறும் எண்ணை இறங்குமுகமாக எண்ணும் நிரல் ஒன்றை இரண்டு த்ரெட்டுக்குப் பிரித்துக் கொடுத்தால் ஏறத்தாழ இரு மடங்கு நேரம் பிடிப்பதையும், கணினியின் ஒரு கோரை அணைத்தால் வேகம் கூடுவதையும் காட்டினார். பொருளை உடைத்தால் பயன் பெருகும் என்பதற்கு இதைவிடத் தூய சான்று கிடைப்பது அரிது. பூட்டுக்காக த்ரெட்கள் இட்ட அந்தச் சண்டையை அன்டுவான் பிட்ரூ 2011இல், பைத்தான் 3.2இல் சீர்செய்தார்: பூட்டைப் பிடித்தவர் ஐந்து மில்லிசெகண்டில் விட்டுத்தரக் கேட்கப்படுவார். 2016இல் லாரி ஹேஸ்டிங்ஸ் தம் அறுவைச் சிகிச்சைக்கு கிலெக்டமி என்று பெயரிட்டார். நோயாளி பிழைத்தார், ஆனால் நடை தளர்ந்தது.

பூட்டை நீக்க சாம் கிராஸ் முன்வைத்த திட்டம் 2023 அக்டோபரில் ஏற்கப்பட்டது. 2024இல் வந்த 3.13 பதிப்பில் பூட்டில்லாப் பைத்தான் சோதனை முயற்சியாக வெளிவந்தது. ஒற்றை த்ரெட்டில் சுமார் 40 விழுக்காடு மந்தம். 3.14இல் அது 5 முதல் 10 விழுக்காடாகக் குறைந்தது. பூட்டு வேண்டாம் என்று தன்னைத்தானே அறிவித்துக்கொள்ளாத பழைய சி நீட்சி ஒன்றை இறக்குமதி செய்தால் மட்டும், ஓர் எச்சரிக்கையை அச்சிட்டுவிட்டு, பூட்டு எல்லாருக்குமாகத் திரும்பி வரும்.

அப்படியானால் குடிவைத்தோர் பழைய ஃபங்ஷன்களை மறக்கலாமா எனின், கூடாது. பூட்டில்லாப் பைத்தானிலும் ஒவ்வொரு த்ரெட்டும் உள்ளே வரும்போது தன்னை இணைத்துக்கொள்ளவும், எங்காவது காத்திருக்கப் போகுமுன் விலகிக்கொள்ளவும் வேண்டும். அதற்கு அழைப்பது முன்பிருந்த அதே ஃபங்ஷன்களைத்தான். இன்டர்பிரிட்டரை எழுப்பிவிட்டு விலகாமலே ஈவெண்ட் லூப்பில் போய் உட்கார்ந்த மெயின் த்ரெட்டால் இப்போது உடனடித் தீங்கு இல்லை. மற்ற த்ரெட்கள் பாட்டுக்கு ஓடும். குப்பை பொறுக்கும் நேரம் வரும்போது மட்டும், இணைந்திருக்கும் எல்லா த்ரெட்களும் ஒரு கணம் நிற்க வேண்டும் என்று இன்டர்பிரிட்டர் கேட்கும். தூங்கும் த்ரெட்டுக்கு அது காதில் விழாது. நின்ற மற்றவை நின்றபடியே இருக்கும். குப்பை பொறுக்கும் நேரம் எப்போது வரும் என்பது பொருள்கள் எவ்வளவு வேகமாகச் சேர்கின்றன என்பதைப் பொறுத்தது. முன்பெல்லாம் முதல் நிமிடத்திலேயே நின்ற நிரல், இனி செவ்வாய்க்கிழமை மதியம் நிற்கும்.